முதல் கரண்டி

பாத்து உக்காருங்க தம்பி. காலை அந்தப் பக்கமா வெச்சுக்கங்க. கீழ பையில ஃப்ளாஸ்க் இருக்கு. உடையாது, ஸ்டீல்தான். ஆனா சாயக் கூடாது. ம், அப்படித்தான்.

நெஞ்சைப் பாக்குறீங்க. எல்லாரும் பாப்பாங்க. கண்டக்டரே டிக்கெட்டைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி மெடலைப் பாத்துட்டுத்தான் என் மூஞ்சியப் பாத்தான். பட்டாளம்தான். ஹானரரி கேப்டன் தவசியாண்டி. சிப்பாயாச் சேந்து, ஒவ்வொரு பட்டையா ஏறி, வீட்டுக்கு அனுப்புற நேரத்துல கேப்டன்னு கவுரவம் குடுத்து அனுப்புனாங்க. எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க. சின்னமனூர்ல கேப்டன் வீடுன்னு கேட்டா நாய்கூட வழி காட்டும்.

எங்க போறேன்னா, தேனிக்கு முன்னாடி கரட்டு ஸ்டாப். அந்தச் சின்னக் கரட்டுக் குன்று மேல எங்க ரெஜிமெண்ட் சங்கக் கட்டடம் இருக்கு. இன்னைக்கு அங்க ரெஜிமெண்ட் நாள், வருசா வருசம் கொண்டாடுவாங்க. காலையில கொடி, செத்துப்போனவங்களுக்கு மலர்வளையம், மத்தியானம் படா கானா. படா கானான்னா பெரிய விருந்து. நான் அதுக்குப் போகலை. அதாவது போறேன், ஆனா அதுக்காகப் போகலை. அங்க எனக்கு ஒரு சின்ன வேலை. முடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். சங்கத்தை விட்டு நான் வெளிய வந்து ரெண்டு வருசமாச்சு.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க தம்பி. மார்கழிக் காத்து நேரா பை மேல அடிக்குது.

ஏன் வெளிய வந்தீங்கன்னு கேக்குறீங்க. கேக்கணும். யாருமே கேக்கலை, நீங்களாவது கேக்குறீங்க. அந்தச் சங்கத்தை நீங்க ஒரு நாள் பாக்கணும். தலைவரு கோட்டைச்சாமி. ஹவில்தாரா வெளிய வந்தவன். என் பிளாட்டூன்ல சிப்பாயா இருந்தவன், பூட்ஸ் லேஸ் கட்டவே நான்தான் சொல்லிக் குடுத்தேன். இப்ப செக்யூரிட்டி ஏஜென்சி வெச்சிருக்கான். ஏடிஎம் வாசல்ல நாற்காலி போட்டுத் தூங்குறானுங்கல்ல, அதுல பாதி இவன் அனுப்புன ஆளுதான். பெரே தொப்பின்னு ஒண்ணு இருக்கு. பட்டை நெத்தியில நேரா இருக்கணும், துணி வலது காதுப் பக்கம் இறங்கணும். இவன் தலையில அது ஊத்தப்பம் மாதிரி உக்காந்திருக்கும்.

செயலாளர்னு ஒருத்தன், பேரு வேண்டாம். அஞ்சலி நேரத்துல பியூகிள் ஊதணும். ஊதத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இப்ப உயிரோட இல்ல. அதனால செல்போன்ல இருந்து ஸ்பீக்கர்ல போட்டுவிடுவான். ஒரு வருசம் எல்லாரும் தலையக் குனிஞ்சு நிக்கிறோம். பியூகிள் அழுதுக்கிட்டே மேல ஏறுது. நடுவுல ஒரு பொம்பளக் குரலு வந்து, முழங்கால் வலித் தைலம் வாங்குங்கன்னு சொல்லுது. தலையக் குனிஞ்சு நின்னவன்ல பாதிப் பேரு, முடிஞ்சதும் அந்தத் தைலம் எங்க கிடைக்கும்னு விசாரிச்சானுங்க. இதுதான் இவனுங்க வீரவணக்கம்.

நினைவுத் தூணுக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு பிளாட் விக்கிறவன் வந்தான். அடிச்சான். அடிச்சிட்டுச் செத்தவங்க பேரு வரிசைக்குக் கீழ, அதே சைஸ் எழுத்துல அவன் பேரையும் எழுதிட்டுப் போயிட்டான். புதுசாப் பாக்குறவன் அவனும் சண்டையில செத்தவன்னு நினைச்சுக் கும்பிடுவான். அப்பறம் பொன்னாடை. போன வருசம் எனக்குப் போத்துனதை இந்த வருசம் உனக்குப் போத்துவாங்க, மடிப்புக் கலையாம அதே துணி ஊரைச் சுத்திக்கிட்டு இருக்கும். வாட்ஸ்அப்ல காலையில ரோஜாப்பூ, ராத்திரி ரோஜாப்பூ, நடுவுல எல்லையைக் காப்போம். எல்லையில இருந்தப்ப ஒண்ணுக்குப் போகவே துணைக்கு ஆள் கேட்டவனுங்க எல்லாம்.

ஆனா அதுக்கெல்லாம் நான் வெளிய வரலை. அதை எல்லாம் பொறுத்துக்கிட்டேன். ஏன்னா எனக்குன்னு அங்க ஒரு எடம் இருந்துச்சு. முன் வரிசையில நடு நாற்காலி. மலர்வளையம் வைக்கிறது நான். சல்யூட் வாங்குறது நான். சுத்துவட்டாரத்துல எங்க ரெஜிமெண்ட்டுல கேப்டன்னு வேற ஆள் கிடையாது.

வெளிய வந்தது ஒரு கரண்டியால. சிரிக்காதீங்க. சொல்றேன்.

படா கானாவுல ஒரு வழக்கம் உண்டு. வருசம் பூரா சிப்பாய் ஆபீசருக்கு விறைப்பா நின்னு சல்யூட் அடிப்பான். படா கானா அன்னைக்கு மட்டும் கரண்டி ஆபீசர் கையில. சிப்பாய் வரிசையா உக்காருவான், ஆபீசர் பரிமாறுவாரு. முதல் கரண்டிய இருக்கிறதுலயே பெரிய ஆளு, இருக்கிறதுலயே சின்ன ஆளுக்குப் போடணும். நான் புதுச் சிப்பாயா இருந்தப்ப கர்னல் எனக்குப் போட்டாரு. பூரியும் ஆட்டுக்கறியும். இன்னும் கொஞ்சம் போடட்டான்னு கேட்டாரு. தட்டை நீட்டுனேன். அந்தக் கறி ருசி இன்னைக்கும் நாக்குல இருக்கு. அழகான வழக்கம் தம்பி. அதை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன்.

எங்க சங்கத்துல அந்த வழக்கமெல்லாம் கிடையாது. எலை போடுவாங்க, திம்போம், ஏப்பம் விடுவோம், பழைய கதையில பொய் கலப்போம், வீட்டுக்குப் போவோம். ரெண்டு வருசத்துக்கு முந்தி கோட்டைச்சாமி ஆரம்பிச்சான். இனிமே பட்டாளத்து முறைப்படி செய்வோம், ஆபீசர்னு நமக்கு இருக்கிறது கேப்டன் சாப் ஒருத்தர்தான், முதல் கரண்டி அவரு கையாலன்னான். சாப்னுதான் எங்களைக் கூப்பிடுவாங்க. எனக்குச் சந்தோசம்தான், மறைக்கலை. முந்தின நாளே என் வீட்டுக்காரி வேலம்மாகிட்ட வெள்ளைக் கையுறைய எடுத்துக் குடுத்து இஸ்திரி போடச் சொன்னேன். குழம்பு ஊத்தப் போறவருக்குக் கையுறை எதுக்குன்னு சிரிச்சா. அவளுக்கு என்னா தெரியும்.

போயி நின்னேன். பந்தி போட்டாச்சு. வாளியில குழம்பு ஆவி பறக்குது. கோட்டைச்சாமி கரண்டிய என் கையில குடுத்தான், ஃபோட்டோக்காரன் குனிஞ்சு நிக்கிறான். முதல் எலையில யாருன்னு பாக்குறேன். சன்னாசி.

சன்னாசி யாருன்னு உங்களுக்குத் தெரியாது. எங்க கம்பெனி சமையக்காரன். குக்கு. கோம்பைப் பக்கத்து ஆளு. நான் சாதி பாக்குறேன்னு நினைச்சிராதீங்க தம்பி. பட்டாளத்துல அதெல்லாம் கிடையாது, நான் பாக்குறது ரேங்க். எத்தனையோ படா கானா பாத்தாச்சு, குக்கு பந்தியில உக்காந்து நான் பாத்ததே இல்ல. குக்கு லங்கர்ல இருப்பான். லங்கர்னா எங்க அடுப்படி. எல்லாரும் தின்னு முடிச்சு மிச்சம் இருந்தா திம்பான், இல்லன்னா அடிச் சோத்தைச் சுரண்டுவான். அதுதான் முறை. சங்கத்துலயும் அவன்தான் வருசா வருசம் வந்து ஆக்கிப் போடுவான். கூலி வாங்க மாட்டான். அவனை உக்காருன்னு ஒரு பய சொன்னதில்ல, அவனும் உக்காந்ததில்ல, ஒரு வம்பும் இல்லாம நடந்துக்கிட்டு இருந்துச்சு.

அந்த வருசம் கோட்டைச்சாமி வெளிய ஆள் வெச்சுச் சமைச்சிட்டு, இவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டைய மாட்டிவிட்டு, முதல் எலையில கொண்டாந்து உக்கார வெச்சிருக்கான். உக்காந்திருந்தான்னும் சொல்ல முடியாது. எந்திரிக்கப் போறவன் மாதிரி பாதி உக்காந்திருந்தான். வலது கையில ரெண்டு விரல் கிடையாது அவனுக்கு. அந்தக் கைய எலை ஓரத்துல வெச்சுக்கிட்டு என்னைய நிமிந்து பாக்குறான்.

கரண்டிய வாளிக்குள்ள விட்டேன். உள்ளயே விட்டுட்டேன். கையுறையக் கழட்டுனேன். குக்குக்குப் பரிமாறவா நான் கேப்டன் ஆனேன்னு கேட்டேன். கோட்டைச்சாமிகிட்டதான் கேட்டேன், மெதுவாத்தான் கேட்டேன். பாழாப்போன மைக்கு ஆன்ல இருந்திருக்கு. கரடு பூரா கேட்டுச்சு.

விறுவிறுன்னு எறங்கி வந்துட்டேன். ஒருத்தன் பின்னாடி வந்து கூப்பிடலை தம்பி. எத்தனை பேருக்குப் பென்சன் சிக்கலைத் தீத்து வெச்சிருக்கேன், எத்தனை பேரு வீட்டுக் கல்யாணத்துல முன்னாடி நின்னிருக்கேன். ஒருத்தன் வரலை. சன்னாசி ஓடியாந்தான், அவனை நான் கணக்குல சேக்கலை. நான் அடுப்படிக்குப் போயிர்றேன் சாப், நீங்க வாங்க சாப்னு கரட்டுப் பாதையில பின்னாடியே வந்தான். அவன்கிட்ட எனக்கு என்ன பேச்சு. ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன்.

வீட்டுல சொன்னா, வேலம்மா என் பக்கம் பேசுவான்னு நினைச்சேன். கரண்டியப் பிடிச்சா கை தேஞ்சா போயிரும்னா. அம்புட்டுத்தான் சொன்னா. அந்தக் கையுறைய அப்படியே வாங்கி அடுப்பு மேடையில போட்டா. மறுநாள்ல இருந்து கொதிக்கிற சட்டிய அதை வெச்சுத்தான் எறக்குனா. ரெஜிமெண்ட் கையுறை, கரித்துணி ஆகிப்போச்சு.

ரெண்டு தம்ளர் இருக்கேன்னு பாக்குறீங்களா? பையை நல்லாத்தான் நோட்டம் விடுறீங்க. ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு இருக்கட்டுமேன்னுதான். எவர்சில்வர்தான், உடையாதுதான். நசுங்கலாம்ல. டீதான் இருக்கு உள்ள. சங்கத்துல போடுற டீ பாத்திரம் கழுவுன தண்ணி, அதை மனுசன் குடிப்பானா, அதான் கையோட எடுத்துட்டுப் போறேன். உங்களுக்கும் ஒரு வாய் குடுக்கலாம். மூடியத் திறந்தா ஆறிப்போகும். கோவிச்சுக்காதீங்க.

இருமல் ஒண்ணும் இல்ல. காத்து.

கோட்டைச்சாமிக்கு என் மேல என்ன காண்டுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. கெடுதல் எதுவும் பண்ணதில்ல நான். ஒரே ஒரு தடவ தண்டனை குடுத்திருக்கேன். அதுவும் ஒண்ணுமில்லாத விசயம். ஒரு டீ விசயம்.

லடாக் பக்கம். நான் அப்ப நாயப் சுபேதார். மேல ஒரு போஸ்ட், என் பிளாட்டூன் அங்க. அடுப்பு கீழ கம்பெனியில. சாப்பாடு, டீ எல்லாம் சுமை தூக்குற ஆளுங்க கொண்டு வரணும். பனி கொட்டி வழி மூடிப்போச்சு, கூலி ஆளு எவனும் ஏற மாட்டேன்னுட்டான். சூடா எதையும் கண்ணுல பாத்து நாளாச்சு. பிஸ்கட்டும் டப்பாச் சாமானும்தான். பசங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்காம சுருண்டு கிடந்தானுங்க. ஒரு காலையில பாத்தா, கீழ இருந்து ஒரு ஆளு ஏறி வர்றான். நிக்கிறான், குனியிறான், ஏறுறான். சன்னாசி. தனியா. முதுகுல பூரி மூட்டை, கையில டீக் கேனு.

யாரு வரச் சொன்னது அவனை? ஆர்டர் இல்லாம வந்திருக்கான். அதுவே தப்பு. சரி, வந்துட்டான். கேனைத் திறந்தா, டீ ஜில்லுன்னு இருக்கு. ஓரத்துல ஐஸ் பிடிச்சிருக்கு. இத்தனை நாளு காத்துக் கிடந்தவனுக்கு ஆறிப்போன டீயக் கொண்டாந்து குடுத்தா எப்படி இருக்கும், சொல்லுங்க. எல்லாரையும் நிக்க வெச்சேன். பிளாட்டூனுக்கு ஆறின டீ குடுக்குற குக்கு எனக்குத் தேவை இல்லைன்னேன். கேனைக் கவுத்துட்டேன். பனியில சாயம் ஓடுச்சு. அப்படிச் செஞ்சாத்தான் அடுத்த தடவ ஒழுங்கா வரும். ஒழுக்கம்னா அதுதான்.

கோட்டைச்சாமி அப்ப மீசை முளைக்காத பய. கொட்டுன எடத்துல குனிஞ்சு, அந்தச் செவந்த பனிய அள்ளி வாயில போட்டான். என் கண்ணு முன்னாடி. அவனுக்கு முதுகுல மூட்டையக் கட்டி ஓட விட்டேன். அதுதான் தண்டனை. சாதாரணமா எல்லாருக்கும் குடுக்குறதுதான். இதுக்குப் போயி ஒருத்தன் இத்தனை வருசம் காண்டு வெச்சிருப்பானா? இருக்காது. வேற ஏதோ இருக்கணும்.

சன்னாசி விரலா? அது அந்தத் தடவதான். அவன் என்ன பண்ணிருக்கான்னா, கையுறைய ரெண்டையும் கழட்டி டீக் கேனைச் சுத்திக் கட்டிருக்கான். சூடு போகாம இருக்குமாம். வெறுங்கையோட பனியில ஏறி வந்திருக்கான். அறிவுன்னு ஒண்ணு இருந்தா செய்வானா? கையுறை சர்க்கார் சொத்து தம்பி. கைக்குப் போடக் குடுத்தது, கேனுக்குப் போட இல்ல. ரெண்டு விரல் கருத்துப்போச்சு, ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. பாவம்தான், இல்லைங்கலை. அதுக்கு நான் என்ன பண்ண? டீயாவது சூடா இருந்துச்சா? அதுவும் இல்ல.

அதுக்கப்பறம் அவன் என்கிட்ட ஒரு வார்த்தை அதைப் பத்திப் பேசுனதில்ல. மனசுல வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியும். அழுத்தக்காரன். சிலபேரு அப்படித்தான், சமயம் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டே இருப்பானுங்க.

சமயம் வந்துச்சு. போன ஆடியில வேலம்மா போயிட்டா.

இல்ல, பரவால்ல. நீங்க எதுக்கு. நல்ல சாவுதான். தூக்கத்துலயே போயிட்டா. பையன் வெளிநாட்டுல, வந்து சேரல. சொந்தக்காரங்கன்னு நாலு பேரு. சங்கத்துக்கு நான் சொல்லி அனுப்பலை, எதுக்குச் சொல்றேன். எடுக்குற நேரத்துல தெருவுல பாக்குறேன், வேன் ஒண்ணு வந்து நிக்குது. எல்லாரும் வந்துட்டானுங்க. பெரே போட்டு, மெடல் குத்தி, ரெண்டு பக்கமும் வரிசையா நிக்கிறானுங்க. கோட்டைச்சாமி ஊத்தப்பத்தோட முன்னாடி நிக்கிறான். என் வீட்டுக்காரியத் தூக்கிட்டுப் போறப்ப சல்யூட் அடிச்சானுங்க. பட்டாளத்துக்காரன் பொண்டாட்டிக்கு யாரு சல்யூட் அடிப்பா? எந்தப் புஸ்தகத்துல இருக்கு? முறை தெரியாத பயலுக.

அன்னைக்குச் சாயங்காலம் சுடுகாட்டுல இருந்து வந்து உக்காந்திருக்கேன். எழவு வீட்டுல அடுப்பு மூட்ட மாட்டாங்கள்ல. சொந்தக்காரங்க யாராவது சோறு கொண்டு வரணும். கொண்டு வர வேண்டியவன் எல்லாம் டீக்கடையில நிக்கிறான். சன்னாசி வந்தான். அடுக்குப் பாத்திரத்தைத் துண்டால சுத்திக் கட்டிக் கையில பிடிச்சிருக்கான். எலையப் போட்டான். தண்ணி தெளிச்சான். அந்த மூணு விரல்ல கரண்டியப் பிடிச்சு, சோத்தைப் போட்டு ரசத்தை ஊத்துனான். ஊத்திட்டு என்னா சொன்னான் தெரியுமா? சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க சாப்னான்.

கேட்டீங்களா? சூடா இருக்கும்போதே. எத்தனையோ வார்த்தை இருக்கு, சாப்பிடுங்கன்னு மட்டும் சொல்லலாம்ல. வேணும்னே சொன்னது. என் வீட்டுல, என் பொண்டாட்டி செத்த அன்னைக்கு, என்னைய உக்கார வெச்சுப் பழி வாங்கிட்டான். முதல் கரண்டி.

சாப்பிட்டேன். பசி. சூடாத்தான் இருந்துச்சு, அதை ஏன் இல்லைங்கணும். கோம்பையில இருந்து சின்னமனூருக்குப் பஸ் மாறி வரணும். எப்படி ஆறாம கொண்டாந்தான்னு தெரியலை. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் தினமும் வந்தான். தினமும் அதே வார்த்தை. ஒரு நாள் கேட்டுட்டேன், எதுக்குடா வர்றேன்னு. குக்குத்தான சாப், வேற என்னா தெரியும்னான். திமிரப் பாத்தீங்களா.

அதுக்கப்பறம் தனியாத்தான். டீ போடக்கூடத் தெரியாது எனக்கு, எங்க கத்துக்கிட்டேன். கையில காபியும் டீயும் குடுக்க ஆள் இருந்த வாழ்க்கை. யூடியூப்ல பாத்துக் கத்துக்கிட்டேன். நல்லாவே போடுவேன் இப்ப. ஒண்ணு மட்டும்தான் பிடிபடலை. கொதிக்கக் கொதிக்க எறக்கி, தம்ளர்ல ஊத்தி, கூடத்துக்குக் கொண்டாந்து உக்காந்து பேப்பரப் பிரிக்கிறதுக்குள்ள ஆறிப்போகுது தம்பி. இத்தனைக்கும் நம்ம ஊரு. வேர்க்கிற ஊரு. பனியா பெய்யுது, மலையா ஏறுறேன்? அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவுல ஒரு நிலைப்படி. அதுக்குள்ள ஆறிப்போகுது. இப்ப பாலு சரியில்ல. பாக்கெட் பாலு.

அதான் இந்த ஃப்ளாஸ்க்கு வாங்குனேன்.

இன்னைக்கு எதுக்குப் போறேன்னா, இதை நேராக்கணும். அவன் கையால நான் சாப்பிட்டுட்டேன். அது அப்படியே நிக்கக் கூடாது. நான் கேப்டன், அவன் குக்கு. இந்த வருசம் நானே வர்றேன், கரண்டியக் குடுங்க, அவனை முதல் எலையில உக்கார வைங்க, ஒரு கரண்டி ஊத்திட்டு எறங்கிர்றேன், அப்பறம் எனக்கும் அவனுக்கும் ஒண்ணும் இல்லைன்னு கோட்டைச்சாமிக்கு இன்னைக்குக் காலையில ஃபோன் பண்ணுனேன். என் சுபாவத்துக்கு அந்த ஃபோனே பெருசு. அவன் என்னா சொல்றான் தெரியுமா? சன்னாசி இனிமே உக்கார மாட்டானாம். அன்னைக்கு எந்திரிச்சவன், செத்தாலும் பந்தியில உக்கார மாட்டேன்னுட்டானாம். விடியறதுக்கு முன்னாடியே வந்து அடுப்பைப் பத்த வெச்சிட்டானாம். உள்ளதான் இருப்பானாம், கடைசிப் பந்தி முடியிற வரைக்கும். சாப், அவனுக்கு ஏதாவது குடுக்கணும்னா லங்கருக்குத்தான் போகணும்ங்கிறான்.

இத்தனை வருச சர்வீஸ்ல லங்கருக்குள்ள நான் கால் வெச்சதில்ல. வாசல்ல நின்னு சத்தம் போட்டிருக்கேன். உள்ள போனதில்ல.

சரி, கறியும் சோறும் அவன் அடுப்புலயே இருக்கு, அதை எடுத்து அவனுக்கே ஊத்துறதுல என்ன அர்த்தம். யோசிச்சேன். விடியல்ல இருந்து அடுப்புல நிக்கிறவனுக்கு ஒரு வாய் டீ எவன் குடுத்திருப்பான்? அந்த ஊத்தப்பத் தொப்பிக்காரனா குடுக்கப் போறான்? அம்புட்டுப் பேருக்கும் இவன் போட்டுக் குடுப்பான், இவனுக்கு ஒருத்தனும் போட மாட்டான். எனக்குத் தெரியும் அந்தப் பயலுகள.

இல்ல இல்ல, நீங்களா எதுவும் நினைச்சுக்காதீங்க. எனக்குக் குடிக்கத்தான் எடுத்துட்டுப் போறேன். மிச்சம் இருந்தா பாத்துக்கலாம்.

என்ன, வண்டி நின்னுருச்சு? என்ன தம்பி அங்க, எட்டிப் பாருங்க. கரும்பு டிராக்டரா? கவுந்துருச்சா? ரோடு பூராக் கரும்பா? கண்டக்டர் தம்பி, எம்புட்டு நேரமாகும்? கிரேன் வரணுமாம். கிரேன் தேனியில இருந்து வரணுமாம். தாத்தா உக்காருங்கங்கிறான் என்னைய. நெஞ்சுல இத்தனை தொங்குறது தெரியலை அவனுக்கு, தாத்தாவாம். இந்த நாடு எங்க உருப்படும்.

தம்பி, கொஞ்சம் அந்தப் பைக்குள்ள கைய விட்டு ஃப்ளாஸ்க்கைத் தொட்டுப் பாருங்க. உங்க கை இளங்கை, தெரியும். சூடு தெரியுதா? தெரியலையா? நல்ல ஃப்ளாஸ்க்னா வெளிய சூடு தெரியாதும்பாங்க. கடைக்காரன் அப்படித்தான் சொன்னான். கடைக்காரன் ஆயிரம் சொல்லுவான். அதை நம்பி மேல போயி, திறந்து ஊத்துறப்ப ஆறியிருந்தா?

அந்தா தெரியுது பாருங்க கரடு. கொடி ஏத்திட்டானுங்க. கோணலா ஏத்திருக்கானுங்க, இங்க இருந்தே தெரியுது. அடுப்படிப் பக்கம் புகை வருதுல்ல, அதுதான். நான் எறங்கிக்கிறேன். நடந்துருவேன். ஏன் முடியாது? கரும்பைத் தாண்டுனா ஸ்டாப், ஸ்டாப்புல இருந்து மேட்டுப் பாதை. ஒரு சமையக்காரப் பய ஏறுனான், கேப்டன் ஏற மாட்டானா?

பையக் குடுங்க. நிமித்தி, நிமித்திப் பிடிங்க. ஃப்ளாஸ்க்கைச் சுத்துன மஃப்ளர் அவிழுதா? சுத்துங்க, இன்னொரு சுத்துச் சுத்துங்க, நல்லா இறுக்கி. எனக்கு எதுக்கு, கழுத்துல போட்டு என்ன பண்ணப் போறேன். அது இருக்கிற எடத்துல இருக்கட்டும். இருமலுக்கு ஒண்ணும் ஆகாது.

உங்களுக்குப் புரியலை தம்பி. ஆறிப்போச்சுன்னா அவன் சத்தம் போட மாட்டான். கீழ கொட்ட மாட்டான். அந்த மூணு விரல்ல வாங்கி, அடி வரைக்கும் குடிச்சிட்டு, நல்லா இருக்கு சாப்னுவான். அதை நான் நின்னு கேக்கணும். காலை எடுங்க, வழிய விடுங்க, நேரமாச்சு.